உருட்டாத பகடைகள்

சனிக்கிழமை ஆட்டத்தில் அவளுக்கு 'மியூசியம்' என்று பெயர் வைத்தவர் மருந்துக்கடைக்காரர். வைத்த அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு முகாந்திரம் வேண்டுமே. எல்லாரும் பகடையை உருட்டுவதற்கு வாங்குகிறார்கள். இவள் உருட்டாமல் வைத்திருப்பதற்கென்றே வாங்கினாள்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவளை இருப்பதைவிடப் பெரிய பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள். ஒரு அச்சகத்தின் மாடியில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை. அதைச் சுற்றி நாலைந்து பேர், எல்லாரும் தலை நரைக்கத் தொடங்கியவர்கள். தபால்காரர் கதை சொல்வார்: இங்கே ஒரு குகை, அங்கே ஒரு பூதம், நடுவில் ஒரு பாலம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதைக்குள் இறங்குவார்கள். மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. அவள் வைத்தியக்காரி. பூதத்தின் மேல் பாயலாம், பாலத்தைத் தாண்டலாம், என்ன வேண்டுமானாலும் முயலலாம். முயன்றது பலித்ததா என்று பகடை சொல்லும். ஒரு செட்டில் ஏழு பகடை, நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை. இருபது முகப் பகடைதான் ராஜா. பெரிய எண் விழுந்தால் வெற்றி. ஒன்று விழுந்தால் உங்கள் வாளிலேயே நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வேலை நாட்களில் அவள் பல் செய்கிறாள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வேலை பார்க்கும் கூடத்தில் அதற்கேற்ற செயற்கைப் பல் செய்து திருப்பி அனுப்புவார்கள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, இந்த வெள்ளை அந்த மனிதரின் மற்ற பற்களோடு சேருமா, இந்த ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு குறையும் வெளியே போனதில்லை என்று முதலாளி சொல்வார். அவளும் அதை நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பது கடைசியில் தெரியும்.

வினை வந்தது மருந்துக்கடைக்காரரால்தான். ஒருநாள் அவர் புதிதாக வாங்கிய பகடை ஒன்றை மேசையில் போட்டார். கண்ணாடி போலத் தெளிவான பிசின், உள்ளே காய்ந்த பூவிதழ்கள். அவள் நாள் முழுக்கக் கலக்கி ஊற்றித் தேய்க்கிற அதே ஜாதிப் பிசின். இத்தனை வருஷமாக அதில் அவள் கடைவாய்ப் பல் செய்துகொண்டிருந்தாள். எங்கேயோ யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் பூவை வைத்திருந்தான். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே ஒரு செட் வாங்கினாள், அதற்குத் துணையாக இன்னொன்று. பிறகு துணைகளுக்குத் துணை.

வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பீங்கான் சாமான்கள் பரணுக்கு ஏறின. அந்த இடத்தில் தட்டுத் தட்டாகப் பகடைகள் குடியேறின. நீலப் புகை சுழல்வது, செம்புத் தூள் மிதப்பது, கடிகாரத்தின் குட்டிச் சக்கரங்கள் புதைந்தது, உள்ளே திரவம் தளும்புவது, கம்பிக் கூண்டு மாதிரி உலோகத்தில் வார்த்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நடுத் தட்டில், கப்பல். இருபது முகப் பகடைக்குள் நீலக் கடல், அதன்மேல் அரிசி அளவில் பாய் விரித்த ஒரு கப்பல். ஒரே ஒரு பக்கமாக வைத்தால்தான் கடல் சமமாக நிற்கும். அதனால் மற்றதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பித் துடைப்பவள், கப்பலை மட்டும் வைத்த வாக்கிலேயே துடைப்பாள்.

பார்சல்கள் வீட்டுக்கு வராது, வேலை செய்யும் கூடத்துக்கு வரும். 'சாம்பிள்' என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். வேலையில் இவ்வளவு அக்கறையா என்று முதலாளி மெச்சினார். அவள் தலையைக் குனிந்துகொண்டதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கணவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர், எதையும் வண்டி வழியாகத்தான் பார்ப்பார். ஒருநாள் அலமாரி முன்னால் நின்று வெகுநேரம் யோசித்தார்.

"கார் வாங்கி ஷெட்ல பூட்டி வைக்கிற ஆளுங்களைப் பார்த்திருக்கேன். ஷெட் நிறைய வாங்கிப் பூட்டினவ நீ ஒருத்திதான்" என்றார்.

"உருட்டினா முனை உடையும்" என்றாள் அவள்.

அது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது, சொல்ல வெட்கமானது. ஒவ்வொரு பகடைக்குள்ளும் அதிர்ஷ்டம் அளவாகத்தான் இருக்கிறது, தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி, உருட்ட உருட்டத் தீர்ந்துவிடும் என்று அவள் நம்பினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள்தான். பகடைக்கு ஞாபகம் கிடையாது என்று யாராவது சொன்னால் தலையாட்டி ஒப்புக்கொள்வாள். வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஆட்டத்தில் அவள் உருட்டியது, விதிப்புத்தகத்தோடு சும்மா வந்த வெள்ளை பிளாஸ்டிக் பகடைகளை. அழகானவை வெல்வெட் பெட்டிக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். சனிக்கிழமைதோறும் ஒரு தட்டை எடுத்துப் போவாள். எல்லாரும் பார்க்கலாம், தொடக்கூடாது.

இன்னொரு கூத்தும் உண்டு. மேசையின் நடுவில் பழைய மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. அதற்கு ஜெயில் என்று பெயர். ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை ஒன்று விழுந்த பகடை ஜெயிலுக்குப் போகும். அடுத்த சனிக்கிழமைதான் விடுதலை. அதுவரை அடுத்தவர் பகடையை இரவல் வாங்கவும் கூடாது. சட்டம் அவள் போட்டதுதான். மந்திரவாதி விஷ அம்பு பட்டுக் கிடந்தபோது மருந்துக்கடைக்காரர், தான் அன்றைக்குக் கொண்டுவந்திருந்த ஒரே இருபது முகப் பகடையை ஜாமீனில் விடச் சொல்லிக் கெஞ்சினார். "சட்டம் சட்டம்தான்" என்றாள் அவள். மந்திரவாதி செத்தான். தபால்காரர் கதையில் செத்தவர் திரும்பி வருவதில்லை. மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நாள் அவளுக்கு இருமல் மருந்துகூடச் சிரித்த முகமாகத் தரவில்லை. பிறகு மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு திருடனாக மறுபிறவி எடுத்தார்.

இப்படி அவள் தன் அதிர்ஷ்டத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த காலத்தில்தான் நாத்தனார் வீட்டோடு வந்து சேர்ந்தார். கணவருக்கு மூத்த அக்கா. அவருடைய வீட்டுக்காரர் ஒரு காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தம்பி போய் அழைத்துவந்தார்.

வந்தவர் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு அறைக்குள் போவார். இருவரும் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க அவர் வீட்டில் தனியாக என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தூங்குவார் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் மாடி ஏறி வந்தார்.

"மத்தியானமானா உங்க வீட்ல கடகடன்னு ஒரு சத்தம் வருதுங்க. விட்டு விட்டு வருது. எனக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது."

"குழாயா இருக்கும்" என்றாள் அவள், யோசிக்காமல். குழாய்க்காரரை வரவழைத்தாள். அவர் சுவரில் காதை வைத்துப் பார்த்தார், டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார், ஒரு வாஷரை மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இன்னொரு வாஷர். தையல்காரர் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

கணவர் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, நாத்தனாரைத் தனியாக விட மனம் வராமல் அவள் அச்சகத்து மாடிக்குக் கூட்டிப்போனாள். மூலையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். அன்றைக்குக் கோடாலி வீரனாக ஆடுகிறவர் வரவில்லை. பூதம் வந்துவிட்டது, வெட்ட ஆளில்லை. தபால்காரர் சும்மா ஒரு மரியாதைக்கு மூலையைப் பார்த்து, "அம்மா, நீங்க வேணா இவருக்காக ஒரு தடவை உருட்டறீங்களா?" என்றார்.

நாத்தனார் எழுந்து வந்தார். பகடையை வாங்கினார். அவர் அதைப் பிடித்த விதத்தில், மணிக்கட்டைச் சுழற்றி விட்ட விதத்தில், பழக்கப்பட்ட கை தெரிந்தது. மற்றவர்கள் பூதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தது பத்தொன்பது.

"வெட்டறேன்" என்றார் நாத்தனார். "கழுத்துல."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. தபால்காரர் தன்னிடமிருந்த கறுப்புப் பகடை செட் ஒன்றை அவருக்கே கொடுத்துவிட்டார். நாத்தனார் கோடாலிக்காரி ஆனார். வாரம் முழுக்கச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அறையிலிருந்து மேசைக்கு வந்தது. உப்புக் குறைவு என்றார். தம்பியோடு செய்தியைப் பற்றிச் சண்டை போட்டார். கணவர் ஒருநாள் அடுப்படிக்கு வந்து, "அக்கா என்னை முட்டாள்னு திட்டினா" என்று கண் கலங்கச் சொன்னார், பரிசு வாங்கியவர் மாதிரி.

ஆகவே பாலத்தருகே கோடாலிக்காரி விழுந்த அந்தச் சனிக்கிழமை, அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அன்றைக்குக் காலையில்தான் பேச்சு வந்திருந்தது. மந்திரவாதி போய்த் திருடன் வந்த கதையைச் சொல்லி அவள் சிரித்தபோது நாத்தனார் சிரிக்கவில்லை. "கோடாலிக்காரி போயிட்டா நான் வரமாட்டேன். மறுபடியும் ஒருத்தரோட முதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல" என்று சொல்லிவிட்டு, சட்டியை விளக்கப் போய்விட்டார்.

இப்போது கோடாலிக்காரி மார்பில் ஈட்டியோடு கிடக்கிறாள். கடைசி மூச்சு. வைத்தியக்காரி ஒரு தடவை முயலலாம், ஒரே தடவை. இருபது முகப் பகடையில் பத்துக்குக் குறையாமல் விழ வேண்டும். நாத்தனார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த புதிதில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவள் தன் வெள்ளைப் பகடைக்குக் கையை நீட்டினாள். மேசையில் இல்லை. பாட்டிலுக்குள் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் மூன்றாவது முறையாக ஒன்று விழுந்தபோது, "பாரபட்சமே கிடையாது" என்று பெருமையடித்துக்கொண்டு அவளே அதை உள்ளே போட்டு மூடியைத் திருகியிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை வெளிய எடுத்துக்கறேனே" என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த நாளுக்காகத்தான் அவர் திருடனாக இத்தனை காலம் பொறுமையாக வாழ்ந்திருக்க வேண்டும். "என் மந்திரவாதி விஷம் ஏறிக் கிடந்தப்ப என்ன சொன்னீங்க?"

"சட்டம் சட்டம்தான்னு சொன்னேன்."

"பெட்டியில இருக்கறதும் பகடைதானே, மியூசியம்?"

தபால்காரர் வெல்வெட் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் திறந்தாள். போன வாரம் மருந்துக்கடைக்காரர் ஏதோ உலோக செட்டைக் காட்டி அலட்டியதற்குப் பதிலடியாக அன்றைக்கு நடுத் தட்டையே, கப்பலோடு, கொண்டுவந்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் பளபளவென்று இருந்தன. மேசை மரம் கரடுமுரடு. முனை போய்விடும். முதல் காரியமாக அவள் நினைத்தது அதைத்தான். எதிரில் ஒரு மனுஷி மறுபடியும் அறைக்குள் போய்விடப் பார்க்கிறாள். இவள் பிசினுக்கு விசாரப்படுகிறாள். தன்னைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை, ஆனாலும் இவ்வளவு கீழே போவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

சரி, கொடுப்பது என்றால் இருப்பதில் நல்லதைக் கொடுத்துவிட வேண்டும். சேர்த்து வைத்த அதிர்ஷ்டம் முழுசாக எதில் இருக்கும்? கப்பலில்தான். ஒரு தடவைகூட உருட்டாதது. அவள் இரண்டு விரலால் கப்பலைத் தூக்கினாள். கடல் சரிந்தது.

"கப்பல் வேணாம்" என்றார் நாத்தனார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலை நிமிராமலே பேசினார்.

"அது சோம்பேறி. ஆறு, ஏழுக்கு மேல எழுந்திருக்காது. ஓரத்துல செம்புத்தூள் போட்டது இருக்கு பாரு, அதை எடு. கொஞ்சம் உயரத்துலேருந்து விடு."

மருந்துக்கடைக்காரர் முதலில் புரிந்துகொண்டார். கைக்குட்டையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழாய்க்காரர் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. இரண்டு வாஷரும் நினைவுக்கு வந்தன.

அவள் கப்பலைக் கீழே வைத்தாள். செம்பை எடுத்தாள். கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டாள். மரத்தில் குதித்தது, மருந்து பாட்டிலில் இடித்தது, திரும்பி வந்து நின்றது.

பதினொன்று. பார்த்தால் மறந்துபோகிற மாதிரி ஒரு சாதாரணப் பதினொன்று. கோடாலிக்காரி இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள் என்று தபால்காரர் சொன்னார். நாத்தனார் மடியிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஈட்டி எறிஞ்சவன் எங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அலமாரியைத் திறந்தாள்.

"எதையெல்லாம் உருட்டினீங்க, அண்ணி?"

"எல்லாத்தையும்தான்."

"எப்பலேருந்து?"

"வந்ததுலேருந்து." நாத்தனார் பெட்டியிலிருந்து கப்பலை எடுத்தார். அவள் பயபக்தியோடு துடைத்துவந்த பகடையை, சட்டையிலிருந்து விழுந்த பொத்தானை எடுப்பது மாதிரி எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம், மூன்றாம் எண் முனையில், எறும்பு கடித்த அளவுக்கு ஒரு சில்லு போயிருந்தது. "இது கதவு நிலையில பட்டுடுச்சு. நல்ல வேளை, வைக்கும்போது கீழ போற பக்கம். நீ கண்ணாடி போட்டுப் பார்ப்பியே, கண்டுபிடிச்சிடப் போறன்னு ரெண்டு மூணு நாள் தூக்கமே இல்ல. நீ துடைச்சிட்டு அப்படியே வச்சிட்ட."

ஊருக்கெல்லாம் மயிரிழை விரிசல் பார்க்கிறவள் லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு தன் கப்பலைப் பார்த்தாள். லென்ஸே தேவையில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. மறுபிறவியிலும் தேறமாட்டாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தீக்குச்சியெல்லாம் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்; இருந்தும் பதினொன்று விழுந்திருந்தது. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தாள். வந்தது வேறு.

"ஏன் அண்ணி?" என்றாள்.

நாத்தனார் கப்பலை மூடிய கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே யோசித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிடுவீங்க. வீட்ல சத்தமே இருக்காது. அவர் இருந்த வரைக்கும் எதையாவது உருட்டிக்கிட்டே இருப்பாரு, டப்பாவை, பாத்திரத்தை. சும்மா இருங்களேன்னு கத்துவேன். இது தரையில விழுந்தா, பக்கத்து ரூம்ல யாரோ இருக்கற மாதிரி இருக்கும். அதான்."

அந்த வீட்டில் அவள் பகடைகளுக்கு வெல்வெட் தைத்திருக்கிறாள், தூசி படாமல் துணி வைத்திருக்கிறாள், ஒன்றோடொன்று உரசாமல் இடம் விட்டு வைத்திருக்கிறாள். பக்கத்து அறைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்து, மத்தியானம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அழுகை வந்தது. அழுதாள். நாத்தனார் அவளைச் சமாதானப்படுத்தவில்லை, அழுது முடியட்டும் என்று பக்கத்தில் நின்றார். பிறகு, "நீலப்புகைதான் இருக்கறதுலயே நல்லது. நாளைக்குக் காட்டறேன்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. துடைக்கும் துணி மடித்தது மடித்தபடி கிடந்தது. மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் போய்த் திறந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர், இரண்டு காதிலும் பஞ்சோடு.

"லீவு நாள்லயும் ஆரம்பிச்சிடுச்சுங்க. இன்னைக்கு ரெண்டு மடங்கா கேக்குது. அந்தக் குழாயை மறுபடியும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்."

அவள் கையிலிருந்த கப்பலை மறைக்கக்கூட இல்லை.

"குழாய் இல்லைங்க" என்றாள். "நாங்கதான்."